ஆங்ராவுக்கு இரண்டு படகுகள் வேண்டும்

மே 11, மிண்டெலோ

மூன்றாம் ஜெனரேட்டரின் டீசல் ஃபில்டரை மாற்றினேன். முந்தைய ஷிஃப்டில் இருந்தவன் அதை வெறுங்கையால் இறுக்கிவிட்டுப் போயிருக்கிறான். ஸ்பானர் எதற்கு இருக்கிறது? மதியச் சாப்பாட்டு மேசையில் அவனிடமே கேட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டான். போகட்டும். கசிவு நின்றுவிட்டது, எனக்கு அதுதான் கணக்கு.

எஞ்சின் அறைக்கு இங்கே புதிதாக ஓர் ஆள் ஏறியிருக்கிறார். செஃபெரினோ, இதே ஊர்க்காரர், நாற்பதைத் தாண்டியிருக்கும். நான் அசோர்ஸ்காரன், தெர்செய்ரா தீவு என்றதும் கண்ணை விரித்தார்.

"ஓ, அந்த மாட்டுத் தீவா! மனுஷனை விட மாடு ஜாஸ்தியாமே. மாட்டுக்கும் ஓட்டு உண்டா?"

"உங்க வறண்ட தீவுல எப்பவாவது மழை பேஞ்சா அன்னிக்குப் பள்ளிக்கூடம் லீவாமே" என்றேன்.

அரைநிமிடம் சிரித்தார். இவரோடு வேலை பார்க்கலாம்.

இருபதாம் தேதி ஆங்ரா. இந்தச் சுற்றுலாக் கப்பல் என் ஊருக்குப் போவது இதுதான் முதல் தடவை. அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாளாம். 'நம்ம டேலியோ ஓட்டுற கப்பல்' என்று சொல்லியிருக்கிறாள். நான் மூன்றாம் இன்ஜினியர் அம்மா, ஓட்டுவது கேப்டன் என்று எத்தனை முறை சொல்வது?

மே 13, கடலில்

நாள் முழுக்கக் கழிவுநீர் பம்ப். இதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, எழுதவும் கூடாது.

மே 14, சாந்தா க்ரூஸ், லா பால்மா

பயணிகள் எரிமலைச் சாம்பலைக் குட்டிப் புட்டிகளில் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ஒரு கிழவர் என்னிடம் கறுப்புக் கல் ஒன்றைக் காட்டி, "இது எரிமலைக்குள்ளேருந்து வந்தது தெரியுமா?" என்றார். எங்கள் வீட்டுப் பன்றிக்கொட்டிலே அந்தக் கல்லில்தான் கட்டியிருக்கிறது. வாய்வரை வந்தது. சொல்லவில்லை. முன்னேறியிருக்கிறேன்.

நாளை கரைப் படகுகள் இரண்டையும் இறக்கிச் சோதிக்க வேண்டும். இந்தப் பயணத்தில் மற்ற ஊர்களில் கப்பல் துறைமேடையிலேயே கட்டிக்கொள்ளும். ஆங்ராவில் மட்டும் விரிகுடாவில் நங்கூரம் போட்டு, படகில்தான் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு அடுத்த ஊரான ஹோர்தாவில் துறைமேடையில் இடம் கிடைக்காவிட்டால் அங்கேயும். இரண்டு படகும் என் பொறுப்பு.

மே 15, சாந்தா க்ரூஸ்

முதல் படகு நன்றாக இருக்கிறது.

இரண்டாம் படகில் ஆயில் அளக்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவிப் பார்த்தேன். ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்தில் இருக்கிறது. விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. கடல்நீரால் ஆயிலைக் குளிர்விக்கும் கூலருக்குள் ஏதோ குழாய்கள் ஓட்டையாகி, கடல்நீர் ஆயிலுக்குள் போகிறது. அவ்வளவுதான் விஷயம். இதற்குமேல் ஆராய்ச்சி தேவையில்லை.

புது கூலர் வேண்டுமென்றால் ரோட்டர்டாமிலிருந்து வர வேண்டும். ஏஜென்ட் பத்து நாள் என்கிறார். அதாவது பதினைந்து.

சீஃப் இன்ஜினியர் வால்டெமார் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஸ்டார்ட் ஆகுதா?"

"ஆகுது."

"பத்து நிமிஷம் ஓடுமா?"

"ஓடும்."

"ஆங்ராவுல கப்பல்லேருந்து கரைக்கு எவ்வளவு நேரம்?"

"அஞ்சு, ஆறு நிமிஷம்."

கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "உன் ஊரு. நீயே பார்த்துச் சொல்லு" என்று படியேறிப் போய்விட்டார்.

என்னைச் சோதிக்கிறாரா, கை கழுவுகிறாரா? இரண்டு படகும் ஓடினால்தான் நங்கூரம் போட்டுப் பயணிகளை இறக்கலாம் என்பது கம்பெனி விதி. ஒன்று ஓடாது என்றால் ஆங்ரா இல்லை. எங்கள் தீவின் இன்னொரு துறைமுகமான ப்ரையாவில் சிமெண்ட் கப்பல்கள் வரிசையில் நிற்கின்றன, அங்கேயும் இடமில்லை என்று கேப்டன் முன்பே சொல்லிவிட்டார்.

படகு பத்து நிமிடம் ஓடும். உண்மை. பத்து பத்தாக எத்தனை தடவை ஓடும்? அது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் பதில்.

அதே நாள், மாலை

நேலியா போனில் பேசினாள். என் அக்கா. காதைக் கிழிக்கிற சந்தோஷம்.

"டேய், தெருவுல முடிவு பண்ணியாச்சு. இருபதாம் தேதி சாயங்காலம் காளை! நாலு காளை! உன் கப்பலுக்காக!"

எங்கள் தீவில் இப்படித்தான். கல்யாணமா, காளை. அமெரிக்காவிலிருந்து மாமா வந்தாரா, காளை. நீளக் கயிறு கட்டித் தெருவில் விடுவார்கள், ஊர் முழுக்க மதில்மேல் ஏறி நிற்கும். கயிற்றைப் பிடிக்கும் ஆட்களில் முன்பிடி என் அப்பா. வெள்ளைச் சட்டை, கறுப்புத் தொப்பி, அறுபது வயது, இன்னும் விடமாட்டேன் என்கிறார்.

"யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க?" என்றேன்.

"காளைக்கு உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

"கப்பல் வராம போனா?"

"ஏன் வராது?"

சொன்னேன். ஆயில், உப்பு, விதி, எல்லாம். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"உனக்குத் தவிர வேற யாருக்குடா தெரியும்?"

"சீஃபுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்காரு."

"அப்போ ஓட்டேன்."

"அறுபது பேரை ஏத்திக்கிட்டு மோன்டே பிரேசில் பாறைக்குப் பக்கத்துல எஞ்சின் நின்னா? அந்த அலை உனக்குத் தெரியாதா? அதுல நீந்தித்தானே வளர்ந்தோம்?"

"நைஞ்ச கயித்துல அப்பா காளையை விட மாட்டாரு. நீயும் அவர் ரத்தம்தான், சனியனே" என்றாள். பிறகு, "ஆனா காளையை நிறுத்த முடியாது. காளை என்ன பீட்சாவா, போன் பண்ணி கேன்சல் பண்ண? நீ வந்தாலும் வராட்டியும் அது வரும்."

போய் இரண்டாம் படகின் ஸ்டியரிங்கில் சிவப்பு அட்டையை மாட்டினேன். 'இயக்காதே.' கீழே என் பெயர்.

மாட்டிவிட்டு அங்கேயே நின்றேன். அம்மா என்ன செய்வாள்? தெரு முழுக்கச் சொல்லிவிட்டாளே. கழற்றவில்லை. கழற்றியிருந்தால் நான் யாரு? ஸ்பானர் எதுக்கு இருக்குன்னு ஊரைக் கேட்கிறவன்தானே நான்?

மே 16, ஃபுன்ஷால்

கேப்டன் ஹெகே என்னையும் சீஃபையும் கூப்பிட்டார். நார்வேக்காரி, பேச்சில் மிச்சமே வைக்காதவர். எனக்குப் பிடிக்கும்.

"ரெண்டாம் படகு?"

"ஓடாது."

"சரி. ஆங்ராவை எடுத்துடறேன். நேரா ஹோர்தா."

அவ்வளவுதான். இரண்டு வாக்கியத்தில் என் ஊர் போயிற்று. கதவு வரை வந்துவிட்டேன். சீஃப் பின்னாலிருந்து, "கேப்டன், பயணிகளுக்கு இப்போதைக்கு அறிவிக்காதீங்க. மூணு நாள் கொடுங்க" என்றார்.

"எதுக்கு?"

"கூலரைக் கழட்டிப் பார்க்கிறோம்."

கேப்டன் என்னைப் பார்த்தார். "இவர் ஓடாதுன்னாரே."

"ஓடாதுன்னுதான் சொன்னான். சரி பண்ண முடியாதுன்னு சொல்லலை" என்றார் சீஃப்.

வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "நீ 'இல்லை'ன்னு சொல்லிட்டுக் கதவைப் பார்த்துப் போற. அதுக்குப் பின்னாடி ஒரு 'ஆனா' வச்சா நாக்கு தேஞ்சா போயிடும்?"

"நேத்து நீங்க சொல்லியிருக்கலாமே அந்த ஆனாவை" என்றேன்.

முறைத்தார். பிறகு, "சொல்லியிருக்கலாம்" என்றார். அட்டையை நான் மாட்டுகிறேனா என்று பார்க்கக் காத்திருந்தாராம். மாட்டாமல் இருந்திருந்தால் அவரே மாட்டியிருப்பாராம், பயணம் முடிகிற லிஸ்பனில் என்னை இறக்கிவிட்டுமிருப்பாராம்.

கோபமா வருது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருக்கிறது. மனுஷனை இப்படியா சோதிப்பாங்க?

மே 17, ஃபுன்ஷால்

கூலரைக் கழற்றி வெளியே எடுத்தாயிற்று. போல்ட் ஒன்று உள்ளேயே முறிந்தது. அதைத் துளைபோட்டு எடுக்கவே காலை போயிற்று. ஊரில் கேக்கும் ஒயினும் என்று எல்லாரும் சுற்றுகிறார்கள். நானும் செஃபெரினோவும் துருவும் கெட்ட வார்த்தையுமாக இருந்தோம். அவருக்கு மூன்று மொழியில் தெரிகிறது.

மே 18, கடலில்

கூலரின் ஒரு பக்கத்தை அடைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கினோம். அடுக்கடுக்காகச் செம்புக் குழாய்கள். எதன் வாயில் குமிழி வருகிறதோ அது ஓட்டை. நான்கு குழாய்களில் வந்தது. அவற்றின் இரண்டு முனையையும் பித்தளை ஆணியால் அடைத்துவிட்டால் அந்தக் குழாய் மட்டும் செத்தது, மற்றவை வேலை செய்யும். குளிர்ச்சி குறையும். எவ்வளவு என்று கணக்குப் போட்டேன்: முழு வேகம் கூடாது, முழுப் பாரமும் கூடாது.

அந்த ஆணிகளைக் கடைய லேத் முன்னால் நின்றேன். கப்பல் ஆடுகிறது, கத்தி ஆடுகிறது, பித்தளை ஆடுகிறது. முதல் இரண்டு ஆணி குப்பைக்குப் போயிற்று. பின்னால் சீஃப் வந்து நின்றார். மோதிரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

"நகரு."

"என்னாலே முடியும், சீஃப்."

"முடியும். ரெண்டு பேரா பண்ணா சீக்கிரம் முடியும். உனக்குத்தானே எப்பவும் அவசரம்?"

மாற்றி மாற்றிக் கடைந்தோம். அலை ஏறும்போது கத்தியைப் பின்னிழுக்க வேண்டும், இறங்கும்போது கொடுக்க வேண்டும். சிறிது நேரத்தில் கை தானாகவே பழகிவிட்டது. செஃபெரினோ ஒவ்வோர் ஆணியையும் சட்டையில் துடைத்து, பல் மருத்துவர் மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அடுத்தவர் வரலாம்" என்றார்.

மே 19, கடலில்

மறுபடி தொட்டியில் முக்கினோம். ஐந்தாவது குழாயில் குமிழி. கத்திவிட்டேன். அதையும் அடைத்தோம். மறுபடி முக்கினோம். மூன்று தலைகள் தொட்டிமேல் குனிந்தன.

குமிழி இல்லை.

மாட்டியாயிற்று. ஆயிலை மூன்று முறை மாற்றிக் கழுவினேன். மூன்றாவது தேன் மாதிரி வந்தது. நானே போய் அந்த டிப்ஸ்டிக்கைக் கேப்டனிடம் காட்டினேன். கம்பளத்தில் ஒரு சொட்டு விழுந்துவிட்டது. அவர் சொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு நங்கூரம் போட்டதும் நான் அதுல உட்கார்ந்து ஒரு மணி நேரம் சுத்துவேன். அதுக்கப்புறம்தான் ஒரு பயணி ஏறலாம்" என்றார்.

நியாயம். நானாக இருந்தால் இரண்டு மணி நேரம் கேட்டிருப்பேன்.

நேலியாவுக்கு ஒரே வரி அனுப்பினேன்: 'வரலாம், வராமலும் போகலாம்.' அவள் பதில்: 'காளை நிச்சயம்.'

மே 20, ஆங்ரா

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

விடியும்போது விரிகுடா ஓரத்தில் மோன்டே பிரேசில் மலை கறுப்பாகக் குந்தியிருந்தது. பின்னால் மஞ்சளும் நீலமுமாக ஊர். படகை இறக்கினோம். கேப்டன் ஸ்டியரிங்கில், நான் எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வெப்பமானி முன்னால். அரை மணி நேரம் சரியாகப் போயிற்று.

டமார் என்று ஒரு வெடி. எங்கள் தெரு, கோர்ப்போ சாந்தோவுக்கு மேலே வெள்ளைப் புகை.

"அபாய ராக்கெட்!" என்று கத்தி, நான் வாயைத் திறப்பதற்குள் கேப்டன் படகைக் கரைப் பக்கம் திருப்பி முழு வேகம் கொடுத்துவிட்டார். மறு கையில் ரேடியோ.

"கேப்டன், அது அபாயம் இல்லை!"

"பின்னே என்ன?"

"காளை!"

"எங்கே காளை?"

"சாயங்காலம்! இன்னிக்குக் காளை இருக்குன்னு காலையிலேயே வெடி போட்டுச் சொல்லுவாங்க!"

"சாயங்காலக் காளைக்குக் காலையில ராக்கெட்டா?" அவர் முகத்தில் இருந்ததை எழுத எனக்குத் தமாஷ் எழுத்து வராது. இன்னும் வேகத்தைக் குறைக்கவில்லை. வெப்பமானி முள் ஏறிக்கொண்டிருந்தது.

"வேகத்தைக் குறைங்க! இப்பவே!" கேப்டனிடம் இப்படிக் கத்தியது இந்தக் கப்பலில் நான்தான் முதல் ஆளாக இருப்பேன். குறைத்தார். முள் சிவப்புக்கு முன்னால் நின்றது, தயங்கியது, மெல்ல இறங்கியது. ஆயிலைப் பார்த்தேன். தேன்.

ஒரு மணி நேரம் முடிந்ததும் கேட்டார், "ஓடுமா?"

"ஓடும். ஆனா" என்றேன். வைத்தேன் அந்த ஆனாவை. "முக்கால் வேகம்தான். அறுபது பேர் கிடையாது, முப்பதுதான். ஒவ்வொரு நடைக்கும் நான் கூடவே இருப்பேன்."

"முப்பதுன்னா எல்லாரும் இறங்க மதியம் ஆகும். இது உங்க ஊரு. பாதிப் பேர் காத்துக்கிட்டு எரிச்சல்படுவாங்க."

"படட்டும்."

சிவப்பு அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

நாள் முழுக்கப் போனோம், வந்தோம். என் ஊர்ப் படிக்கட்டில் முப்பது முப்பதாக ஆட்களை இறக்கினேன். நான் இறங்கவில்லை. மதியம் அம்மா சந்தை நாளுக்குப் போகிற உடையில் வந்து நின்றாள். கையில் துணி சுற்றிய மண்சட்டி. ஒயினில் வெந்த மாட்டிறைச்சி வாசனை எஞ்சின் வாசனையைத் தோற்கடித்தது.

"இறங்கி வந்து ஒரு வாய் சாப்பிட்டா கப்பல் முழுகிடுமா?"

"கப்பல் முழுகாது. இதை விட்டுட்டு வர முடியாதும்மா."

"எண்ணெய்க் கையோட சட்டியைத் தொடாதே!" இனிப்பு ரொட்டியைக் குழம்பில் தோய்த்து, படியிலிருந்து குனிந்து, பயணிகள் எல்லாரும் பார்க்க என் வாயில் திணித்தாள். இறங்குகிற ஒவ்வொருவரிடமும் தனக்குத் தெரிந்த ஒரே வெளிநாட்டு வாக்கியத்தைச் சொன்னாள்: என் பையன், என் பையன். நான் ஓட்டுபவன் இல்லை என்று இந்த முறை திருத்தவில்லை.

சாயங்காலம் வெடிச் சத்தம் மட்டும்தான் எனக்கு. காளை வெளியே வந்தால் ஒன்று, உள்ளே போனால் ஒன்று. முதல் காளை, இரண்டாம் காளை. அந்த இரண்டு வெடிக்கும் இடையில் அப்பா கயிற்றில் இருக்கிறார் என்று அர்த்தம். மூன்றாம் காளை அதிக நேரம் எடுத்தது. உள்ளே போன வெடி கேட்கும்வரை நான் வெப்பமானியைப் பார்த்தேனா என்றே நினைவில்லை. பார்த்திருப்பேன்.

திரும்பி வந்த பயணிகள் ஒரே கூச்சல். ஒரு ஜெர்மன்காரம்மா குடையை விரித்துக் காளைக்கு முன்னால் நின்றாளாம். குடையில் கம்பி மட்டும் மிச்சம். "கயித்துல முன்னாடி நின்ன ஆளு என்னைப் பார்த்து ஏதோ பயங்கரமா கத்தினாரு. என்னன்னுதான் புரியலை" என்றாள்.

"மதில்மேல ஏறுன்னு சொல்லியிருப்பாரு. எங்க அப்பா."

"அவரா! உங்க அப்பாவா!" என்று என் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

யாரென்றே தெரியாத வீடுகளில் கூப்பிட்டு உட்காரவைத்து இவர்களுக்குச் சோறும் ஒயினும் கொடுத்திருக்கிறார்கள். செஃபெரினோ ஏப்பம் விட்டுக்கொண்டே ஏறினார். "தம்பி, மாட்டுக்கு ஓட்டுரிமை கொடுத்துடலாம். நான் கையெழுத்துப் போடறேன்."

கடைசிக்கு முந்தைய நடை. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. படிக்கட்டில் அப்பா. வெள்ளைச் சட்டை முழுக்க மண், சட்டைக் கை ஒன்று பிய்ந்திருக்கிறது, தொப்பி எங்கே போனதோ. பின்னால் பாதித் தெரு. நேரே படகின் விளிம்பில் காலை வைத்தார்.

"கப்பல் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்டா. இதே படகுல திரும்பிடறேன்."

உள்ளே முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"இடம் இல்லைப்பா."

"அங்க பெஞ்சு முழுக்கக் காலியா கிடக்கு!"

"பெஞ்சுல இடம் இருக்கு. எஞ்சின்ல இல்லை. முப்பது பேருதான்."

அப்பா காலை எடுத்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். எனக்குக் காது சுட்டது. பெத்தவரை, அதுவும் இன்னிக்கு, இத்தனை பேர் முன்னாடி...

அப்பா தெருப் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களாடா! பெத்த அப்பனுக்கே இடம் இல்லையாம்!" தொண்டை கிழியக் கத்தினார். "எனக்கே இல்லையாம்! கேட்டுக்கோங்க!" சிரித்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவர் முதுகில் ஓங்கி ஓர் அறை. அவர் கடலில் விழாதது ஆச்சரியம். நேலியா மதில்மேலிருந்து கைதட்ட ஆரம்பித்தாள், பிறகு எல்லாரும்.

நான் கயிற்றை அவிழ்த்தேன். முள்ளைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். நல்லவேளை, அங்கே குனிவதற்கு ஒரு முள் இருந்தது.

மே 21, ஹோர்தா

துறைமேடை முழுக்கப் பாய்மரக் கப்பல்கள், எங்களுக்கு இடமில்லை. இன்றும் நங்கூரம்தான். காலையில் ஆயில் பார்த்தேன், சுத்தம்.

படகுகளை இறக்கும்போது கேப்டன் மேல்தளத்திலிருந்து ரேடியோவில் கேட்டார், "ரெண்டாம் படகுல இன்னிக்கு எத்தனை பேரு?"

சீஃப் ரேடியோவை வாயருகே கொண்டுபோனார், பிறகு என்னிடம் நீட்டினார்.

"முப்பது" என்றேன்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. முப்பது பேர் ஏறினார்கள். முப்பத்தோராவது ஆளைச் செஃபெரினோ கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தினார். "அடுத்த நடை, ஐயா" என்றார். "இங்க அப்படித்தான்."